‘வெசல் டே’ என்பதற்குக் ‘கலநாள்’: கிரிபாஸ் கட்டுரைக்கான மீன்வளச் சொற்கள்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பசிபிக் தீவு நாடான கிரிபாஸைப் (கிரிபாட்டி) பற்றிய கட்டுரைக்குச் சொற்கள் திரட்டும் இந்த இழையில், ஒரு மீன்பிடிக் கப்பல் ஒரு நாட்டின் கடலில் செலவிடும் நாளைக் குறிக்கும் ‘வெசல் டே’ என்பதற்கு இதுவரை ‘கப்பல் நாள்’, ‘மீன்பிடி நாள்’, ‘படகு நாள்’ என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. நான்காவதாகக் ‘கலநாள்’ என்பதை முன்வைக்கிறேன். அண்மை ஆண்டுகளில் அந்நாட்டு அரசின் வருவாயில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி மீன்பிடி உரிமங்களிலிருந்து வருகிறது. அந்த உரிமங்களை அளக்கும் அலகின் பெயர் இதுதான் என்பதால், புவியியல், பொருளாதாரம், ஆட்சிமுறை ஆகிய மூன்று பகுதிகளிலும் இது திரும்பத் திரும்ப வரும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கிரிபாஸின் 33 தீவுகளையும் சேர்த்தால் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர்தான். உயர்ந்த பவளப்பாறைத் தீவான பனாபாவைத் தவிர்த்தால், மற்றவை கடல்மட்டத்துக்கு மேல் சில மீட்டரே எழுந்துள்ள பவளத் திட்டுகள். அவற்றில் ஆறுகள் இல்லை, மண்ணும் வளமற்றது, தென்னையும், நிலத்தடி நன்னீர் தொடும் ஆழத்துக்குக் குழி வெட்டிப் பயிரிடும் ஒருவகைக் கிழங்கும்தான் நிலம் தருபவை. பனாபாவில் 1900இல் தொடங்கிய பாஸ்பேட் அகழ்வு, நாடு விடுதலை பெற்ற 1979ஆம் ஆண்டிலேயே முடிவுக்கு வந்தது. அகழ்வு வருவாயைக் கொண்டு 1956இல், பிரித்தானிய ஆட்சிக் காலத்தில், தொடங்கப்பட்ட சேமநிதி இன்றும் அரசுக்குக் கைகொடுக்கிறது என்றாலும், விற்பதற்கென்று அந்நாட்டிடம் எஞ்சியிருப்பது கடல்தான். அந்தக் கடலோ ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர். கில்பர்ட், பீனிக்ஸ், லைன் என்னும் மூன்று தீவுக்கூட்டங்களைச் சுற்றி மூன்று தனித்தனிப் பரப்புகளாக, கிழக்கு மேற்காக 4,000 கிலோமீட்டருக்கு மேல் அது நீண்டு கிடக்கிறது. மூன்றுக்கும் இடையில் எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத பெருங்கடல் இருக்கிறது.

இந்தக் கடலில் சூரை (டியூனா) மீன் மிகுதி. அதைப் பிடிப்பவை பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து வரும் பெரிய சுருக்குமடி வலைக் கப்பல்கள். (சுருக்குமடி என்னும் சொல்லை நம் மீனவர்கள் முன்பே தந்துவிட்டதால் அதற்கு வேறொன்று தேட வேண்டியதில்லை.) ஒவ்வொரு தீவு நாடும் தனித்தனியே பேரம் பேசியபோது உரிமக் கட்டணம் மிகக் குறைவாகவே கிடைத்தது. 1982இல் நவுரு உடன்பாட்டின் வழியாகக் கிரிபாஸும் அண்டை நாடுகளும் ஒன்றுசேர்ந்தன. பின்னாளில் துவாலுவையும் சேர்த்து அவை எட்டாயின. 1990களில் அவை கப்பல்களின் எண்ணிக்கைக்கு 205 என வரம்பு விதித்தன. ஆனால் எண்ணிக்கை நிலையாக நின்றபோதும், கப்பல்கள் பெரிதாகி, கருவிகள் கூர்மையாகி, பிடிக்கும் அளவு ஏறிக்கொண்டே போனது. எனவே 2007 டிசம்பரில் கப்பலை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு கப்பல் ஒரு நாட்டின் கடலில் செலவிடும் நாளை எண்ணும் முறை தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு இத்தனை நாள் என ஒரு மொத்த வரம்பை வகுத்து, அதை உறுப்பு நாடுகள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, தத்தம் பங்கைக் கப்பல் நிறுவனங்களுக்கு விற்கின்றன. ஒரு நாளுக்குக் குறைந்தது இவ்வளவு என்று அவை சேர்ந்து விதித்த விலை 2015இல் 8,000 அமெரிக்க டாலராக இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. விற்கப்படும் ‘நாள்’ நாட்காட்டியில் உள்ள நாளோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. 50 முதல் 80 மீட்டர் வரை நீளமுள்ள கப்பல் ஒரு நாள் மீன்பிடித்தால் ஒன்று எனக் கணக்கிடுகிறார்கள்; 80 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலுக்கு அதே ஒரு நாள் ஒன்றரை; 50 மீட்டருக்குக் குறைந்ததற்கு அரை. ஆகவே இது காலத்தின் பெயராக இருப்பதைவிட, ஓர் அலகின் பெயராகவே இருக்கிறது. நம் சொல்லும் அலகாக ஒலிக்க வேண்டும் என்பதுதான் என் வாதத்தின் அடிப்படை.

‘கப்பல் நாள்’ என்பதில் எனக்குள்ள தயக்கம் இதனால்தான். சந்தை நாள், திருவிழா நாள் என்று நாம் சொல்லும்போது, சந்தை கூடும் நாளையும் திருவிழா நடக்கும் நாளையுமே குறிக்கிறோம். அந்த வாய்பாட்டில் ‘கப்பல் நாள்’ என்பது கப்பல் வந்து சேரும் நாள் என்றே காதில் விழும். சரக்குக் கப்பலை எதிர்நோக்கி வாழும் வெளித்தீவுகளைப் பற்றிய கட்டுரையில் இந்த மயக்கம் உண்மையாகவே நேரும். ‘மீன்பிடி நாள்’ என்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் இருப்பதால், தடை இல்லாத நாள் என்றே பலரும் அதைப் புரிந்துகொள்வார்கள். ‘படகு நாள்’ என்பதைப் பரிந்துரைத்த நண்பர், எளிமை கருதியே சொல்லியிருக்கிறார். ஆயினும் எண்பது மீட்டர் கப்பலைப் படகு என்பது பொருந்தாது. கிரிபாஸ் மக்கள் களப்பில் (பவளத் திட்டு சூழ்ந்த ஆழங்குறைந்த கடல்நீரில்) செலுத்தும் சிறு படகுகளுக்கு இந்த முறையோடு தொடர்பே இல்லை என்பதால், அந்தச் சொல் வாசகரை நேர்மாறான திசைக்குக் கொண்டுபோய்விடும்.

‘கலம்’ என்றால் பாத்திரமும் நெல் அளவையும் அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் மரக்கலம் என்ற பழஞ்சொல்லும் விண்கலம் என்ற புதுச்சொல்லும் வழக்கில் இருக்கும்போது, கடலைப் பற்றிய கட்டுரையில் யாரும் நெல்லை நினைக்கப்போவதில்லை. படகு முதல் பெருங்கப்பல் வரை எல்லாவற்றையும் ஒரு பெயரில் அடக்கும் பொதுமையும் அதற்கு உண்டு. ‘ஆள்நாள்’ என்பதைப் போலச் சேர்த்தே எழுதினால் அலகு என்ற பொருளும் வந்துவிடுகிறது. புணர்ச்சியிலும் தடையில்லை: மரம், நிழல் இரண்டும் மரநிழல் ஆவதைப் போலக் கலமும் நாளும் கலநாள் ஆகின்றன. பன்மையில் ‘கலநாள்கள்’ என எழுதலாம்; ‘நாட்கள்’ விரும்புவோரோடு நான் வழக்காடப் போவதில்லை.

இதிலிருந்து மற்றவை எளிதில் கிளைக்கும். முழு ஏற்பாட்டையும் ‘கலநாள் முறை’ எனலாம். ‘திட்டம்’ என்றால் அரசு நலத்திட்டத்தின் சாயல் வந்துவிடுகிறது. ஆண்டு மொத்தத்துக்குக் ‘கலநாள் உச்சவரம்பு’ பொருந்தும். நில உச்சவரம்பு என்ற சொல்லில் பழகியவர்களுக்கு அது உடனே விளங்கும்.

சொல்லை வாக்கியங்களில் வைத்து உரைத்துப் பார்த்தேன். ‘எல் நினோ ஆண்டுகளில் வெப்ப நீர்ப்பரப்பு கிழக்கே நகர, சூரைக் கூட்டங்களும் உடன் நகர்வதால், கிரிபாஸின் கலநாள்களுக்குத் தேவை கூடுகிறது, லா நினா ஆண்டுகளில் மீன் மேற்கே செல்ல, பப்புவா நியூகினி போன்ற நாடுகளின் பக்கம் தேவை சாய்கிறது, உறுப்பு நாடுகள் தமக்குள் கலநாள்களைக் கைமாற்றிக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன.’ இன்னொன்று: ‘பீனிக்ஸ் தீவுகள் காப்புப் பகுதியில் 2015 ஜனவரி முதல் வணிக மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டபோது, மீன்பிடிக்கும் இடம் சுருங்கியதே தவிர, கிரிபாஸின் கலநாள் பங்கு அதனால் மட்டும் குறைந்துவிடவில்லை.’ இரண்டாம் வாக்கியத்தில் ‘மீன்பிடி நாள்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், பொருள் எங்கே குழம்புகிறது என்பது தெரியும். 2021இல் அந்தத் தடையை நீக்கப்போவதாக அரசு அறிவித்தபோது எழுந்த விவாதத்தை விளக்கவும் இந்த வேறுபாடு வேண்டும்.

அடுத்து, கரையிலிருந்து 200 கடல் மைல் வரையுள்ள பரப்பைக் குறிக்கும் சொல். ‘பிரத்தியேகப் பொருளாதார மண்டலம்’ என்று பாடநூல்களில் இருக்கிறது. ஆனால் தொழிற்சாலைகளுக்கான ‘சிறப்புப் பொருளாதார மண்டலம்’ என்பதோடு அது குழம்பிவிடுகிறது. ‘தனியுரிமைக் கடற்பரப்பு’ என்று வைத்தால், 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை அங்கே நாடுகளுக்குத் தருவது மீன் முதலிய வளங்களின் மீதான உரிமையே என்பதும், பிற நாட்டுக் கப்பல்கள் அங்கே கடந்து செல்வதைத் தடுக்க முடியாது என்பதும் சொல்லிலேயே ஓரளவு தெரியும். கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள பகுதிக்கு ‘ஆட்சிக் கடல்’ என்பதை ஒதுக்கிவிடலாம்.

ஆட்சிமுறைப் பகுதியில், நாட்டுத் தலைவரின் பதவிப் பெயரான ‘பெரெதிதெந்தி’ என்பதை அப்படியே விடலாமா, மொழிபெயர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொதுத்தேர்தலுக்குப் பின் நாடாளுமன்றம் தன் உறுப்பினர்களிலிருந்து மூன்று அல்லது நான்கு பேரை முன்மொழிய, அவர்களில் ஒருவரை மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்கிறார்கள். நாட்டின் தலைவரும் அரசின் தலைவரும் அவர் ஒருவரே. ஆகவே ‘அதிபர்’ போதும் என்பது என் கருத்து. உள்நாட்டுப் பெயரை முதல்முறை மட்டும் தரலாம். மாறாக, நாடாளுமன்றத்தின் பெயரில் இருக்கும் ‘மனேயபா’ என்பதைக் கட்டாயம் காக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் பெருங்கூடத்தின் பெயர் அது. ‘அவை’ என்று பெயர்த்துவிட்டால் அந்தத் தொடர்ச்சி வாசகருக்குக் கிட்டாது.

ஒன்றில் மட்டும் எனக்கு இன்னும் முடிவு எட்டவில்லை. கப்பல் ஒரு நாட்டின் கடலில் இருந்தும், பழுதானதாலோ வெறுமனே கடந்து சென்றதாலோ வலை வீசாத நாளைக் கணக்கிலிருந்து கழிக்கும்படி அதன் உரிமையாளர் கோரலாம். அதற்கு ‘மீன்பிடியா நாள்’ என்பது நீளம். ‘வெறுநாள்’ சுருக்கமானது, ஆனால் பயனற்ற நாள் என்ற தொனி அதில் இருக்கிறது. ‘கழிநாள்’ என்று வைத்தால் கணக்கில் கழிக்கப்படும் நாள் என்ற பொருள் நேராக வரும். ஆனால் கழிந்துபோன நாள் என்றும் அதைப் படிக்க இடமுண்டு. கடல்சார் கணக்கியல் அறிந்த நண்பர்கள் இதைப் பற்றிக் கருத்துரைத்தால், சொற்பட்டியலைக் கட்டுரைக் குழுவுக்கு அனுப்பிவிடலாம்.