பாஸ்தா சாஸ் பாட்டிலை எடுக்கும் முன் பின்பக்கம் திருப்பிப் பாருங்க

செப்டம்பரில் படிக்க வந்திறங்கிய தம்பி, தங்கைகள் நிறையப் பேர் இதையே கேட்கிறீங்க: "அண்ணா, கடையில ஒரு சுவர் முழுக்க பாஸ்தா சாஸ் அடுக்கியிருக்கு, எதை எடுக்கிறது?" இங்கிலாந்து வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. முதல் வருஷம் வாரத்துக்கு நாலு நாள் ராத்திரி சாப்பாடு எனக்கு பாஸ்தாதான். அந்தப் பழக்கத்தில் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு மனசில வெச்சுக்கோங்க. அந்த பாட்டிலில் இருப்பது சமைச்சு முடிச்ச குழம்பு இல்ல. பாதி வெந்த தக்காளித் தொக்கு மாதிரின்னு நினைச்சுக்கோங்க. மீதியை நாமதான் முடிக்கணும். இது புரிஞ்சுட்டா மூணு பவுண்டு விலையுள்ள பாட்டில் தேவையே இல்ல. ஆல்டி, லிடில், டெஸ்கோ, ஆஸ்டா எதுவானாலும் கடையோட சொந்த பிராண்டே போதும்.

ஆனா சொந்த பிராண்டிலும் நல்லது, சுமாரானது ரெண்டும் உண்டு. அதைக் காட்டிக் கொடுப்பது பின்பக்க லேபிள். இந்த நாட்டில் சேர்த்த பொருள்களை, எடை அதிகமானதை முதல்ல வெச்சு இறங்கு வரிசையில்தான் எழுதணும். தக்காளி சாஸ்னு பேர் வெச்சா அதில் தக்காளி எத்தனை சதவீதம்னும் போடணும். ரெண்டு பாட்டிலை எடுத்துப் பக்கத்தில பக்கத்தில வெச்சுப் பாருங்க. ஒண்ணில் தக்காளி, வெங்காயம், எண்ணெய், துளசி மாதிரியான பேசில், பூண்டு, உப்பு, அவ்வளவுதான். இன்னொண்ணில் தக்காளி கொஞ்சம், பிறகு தண்ணீர், சர்க்கரை, சோள மாவு. சோள மாவு எதுக்கு? தக்காளியைச் சுண்ட வைக்காமலே கெட்டியாக் காட்ட. அது கெடுதல் இல்ல, ஆனா நீங்க தக்காளிக்குக் காசு கொடுத்து மாவுத் தண்ணி வாங்குறீங்க. சிட்ரிக் ஆசிட்னு பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நம்ம எலுமிச்சையில் இருக்கிற அதே புளிப்பு.

சர்க்கரை விஷயத்தில் பலர் ஏமாறுறாங்க. லேபிளில் 100 கிராமுக்கு 5 கிராம் சர்க்கரைனு பார்த்ததும் பாட்டிலைத் திரும்ப வெச்சுடுவாங்க. இங்கே அந்த எண்ணில் தக்காளியோட இயல்பான இனிப்பும் சேர்ந்தே வரும். வெறும் தக்காளியிலேயே 100 கிராமுக்கு மூணு கிராம் போல இருக்கும். சுண்டச் சுண்ட அது ஏறும். அதனால எண்ணை விட்டுட்டு, பொருள் பட்டியலில் சர்க்கரைங்கிற சொல் இருக்கா, எத்தனையாவது இடத்தில் இருக்குன்னு பாருங்க. கடைசியில் இருந்தா பரவாயில்ல. தக்காளிக்கு அடுத்தே நின்னா விட்டுடுங்க.

உப்பை மட்டும் எண்ணிலேயே பாருங்க. 100 கிராமுக்கு 0.9 கிராம்னா, 500 கிராம் பாட்டிலில் 4.5 கிராம். பெரியவங்களுக்கு ஒரு நாள் முழுக்க 6 கிராமுக்கு மேல் வேண்டாம்னு இங்கே சொல்றாங்க. பசியில ஒருத்தரே அரை பாட்டிலை முடிக்கிறது ரொம்ப சகஜம். அதனால பாஸ்தா வேக வைக்கிற தண்ணியில் கை நிறைய உப்பை அள்ளிப் போடாதீங்க. 2016-ல் டொல்மியோங்கிற பாஸ்தா சாஸ் பிராண்டைத் தயாரிக்கிற மார்ஸ் நிறுவனமே தன்னோட லசான்யா சாஸ், பெஸ்டோ (பேசில் இலை, சீஸ், எண்ணெய் சேர்த்து அரைச்ச பச்சை சாஸ்) மாதிரி சில பொருள்களை வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் சாப்பிட வேண்டாம்னு அறிவிச்சது. கிரீம், சீஸ் சேர்ந்த வெள்ளை சாஸை எப்பவாவது வாங்குங்க. தினப்படிக்குத் தக்காளி சாஸ்தான்.

விலையை பாட்டிலுக்குப் பார்க்காம, அலமாரி விளிம்பில் சின்ன எழுத்தில் இருக்கிற கிலோ விலையைப் பாருங்க. 350 கிராம் பாட்டிலும் 500 கிராம் பாட்டிலும் கண்ணுக்கு ஒரே உயரமாத் தெரியும்.

சைவம் சாப்பிடுறவங்க இதைக் கவனமாப் படிங்க. என்கூடத் தங்கியிருந்த மதுரைக்காரத் தம்பி பிறந்ததிலிருந்தே சைவம். பச்சையா இருக்கு, இலைதானேன்னு மூணு மாசம் பெஸ்டோ சாப்பிட்டான். ஒருநாள் லேபிளில் கிரானா படானோ சீஸ்னு இருந்ததை நான் பார்த்துச் சொன்னேன். அந்த சீஸையும் பார்மெசானையும் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற ரெனட் போட்டுத்தான் உறைய வைக்கிறாங்க. அன்னைக்கு அவன் ராத்திரி சாப்பிடவே இல்ல, அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கல. வெஜிடேரியன்னு தெளிவா எழுதியிருந்தா மட்டும் எடுங்க. பூட்டனேஸ்கா சாஸில் நெத்திலி மாதிரி மீன் இருக்கும். ஆனா போலொனீஸ் பாட்டிலைக் கண்டு ஒதுங்க வேண்டாம்; இங்கே பெரும்பாலும் அதில் கறி இருக்காது, கொத்துக்கறி வாங்கிச் சேர்க்கிறவங்களுக்கான வெறும் தக்காளி சாஸ்தான் அது. அதையும் லேபிளில் உறுதி பண்ணிட்டு எடுங்க. நம்ம நாக்குக்குக் கிட்ட வர்றது அராபியாட்டா, பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டது.

இனி சமைக்கிறது. பாட்டிலைத் திறந்து வெந்த பாஸ்தா மேல அப்படியே ஊத்தினா பச்சைப் புளிப்பு அடிக்கும். வாணலியில் ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு அரை ஸ்பூன் சோம்பு, ரெண்டு கிள்ளின வரமிளகாய், தட்டின பூண்டு அஞ்சு பல் போடுங்க. பூண்டு ஓரம் சிவக்கும்போது சாஸை ஊத்தி, மிதமான தீயில் பத்து நிமிஷம் விடுங்க. ஓரத்தில் எண்ணெய் பிரிஞ்சு வரணும், நம்ம தொக்குக்குப் பார்க்கிற அதே பக்குவம். பாஸ்தா முழுசா வேக ஒரு நிமிஷம் இருக்கும்போதே எடுத்து, அது வெந்த தண்ணி ஒரு கரண்டியோட வாணலியில் சேர்த்துப் புரட்டுங்க. அந்தத் தண்ணியில் இருக்கிற மாவுச்சத்து சாஸைப் பாஸ்தாவோட ஒட்ட வைக்கும். சோம்பு இத்தாலிக்காரங்களும் போடுறதுதான். கரம் மசாலாவை மட்டும் தயவுசெய்து போடாதீங்க, பேசில் வாசனை செத்துடும்.

மாசக் கடைசியில் கை வறண்டா பாட்டிலையும் விடுங்க. பாஸாட்டானு வடிகட்டின தக்காளிச் சாறு 500 கிராம் அட்டைப்பெட்டியில் ஒரு பவுண்டுக்குள்ளே கிடைக்கும். வெங்காயத்தை நல்லா வதக்கி, மேலே சொன்ன தாளிப்போட இருபது நிமிஷம் கொதிக்க விட்டா பாட்டில் சாஸைவிட நல்லாவே வரும். நாலு பேர் பங்கு போட்டுச் சமைக்கிற வீடா இருந்தா அரை டம்ளர் மைசூர் பருப்பைக் குழைய வேக வெச்சு அதில் கலந்துடுங்க. ரெண்டு பேர் கூடவே சாப்பிடலாம், உடம்புக்குப் புரதமும் சேரும். பருப்பை சூப்பர்மார்க்கெட்டில் சின்ன பாக்கெட்டா வாங்காதீங்க. லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் இருக்கிறவங்க நம்ம ஆட்கள் கடையில் பெரிய பையா எடுத்துடுங்க.

திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும்னு லேபிளிலேயே இருக்கும், பெரும்பாலும் மூணு முதல் அஞ்சு நாள். மேலே பூஞ்சை வந்தா அதை மட்டும் வழிச்செடுத்துட்டு மீதியைச் சாப்பிடுற வேலை வேண்டாம், மொத்தமாக் கொட்டிடுங்க. ஒண்டியா இருக்கிறவங்க திறந்த அன்னைக்கே பாதியை பிளாஸ்டிக் டப்பாவில் ஊத்தி ஃப்ரீசரில் வெச்சுடுங்க. கண்ணாடி பாட்டிலோட வைக்காதீங்க, உறையும்போது விரிஞ்சு பாட்டில் வெடிச்சுடும். காலி பாட்டிலைக் கழுவிக் காய வெச்சா, அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடிக்கு அளவா இருக்கும்.