வால் ஆடியதா, ஆடவில்லையா? சுங்கை சிப்புட் கால்வாய்க் குருவி

பழைய கிராணி:
நேற்று கேமரா தம்பி நம் பறவைக் குழுவில் ஒரு படம் போட்டு, "மலேசியா, சுங்கை சிப்புட் செம்பனைத் தோட்டம், கால்வாய் ஓரம், சைபீரியன் புளூ ராபின், பெண்" என்று எழுதியிருந்தார். ஆளாளுக்கு லைக் போட்டுவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அது அபோட்ஸ் பேப்ளர். தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளுக்குப் பின்னால் புதரில் வருடம் முழுக்க இருக்கும் குருவி. அந்த ராபின் நின்ற இடத்திலேயே வாலை நடுக்கிக்கொண்டே இருக்கும். படத்தில் வால் கட்டை மாதிரி நிற்கிறது.

கேமரா தம்பி:
படத்தில் வால் எப்படி ஐயா ஆடும்? பத்து நிமிடம் குந்தியிருந்து பார்த்தவன் நான். ஓடும், நிற்கும், வாலை நடுக்கும், மறுபடி ஓடும். கால் வெளிர் ரோஸ். வேறென்ன வேண்டும்?

பழைய கிராணி:
பேப்ளருக்கும் கால் ரோஸ்தான். காலை வைத்து முடிவு கட்ட முடியாது. அலகைப் பாருங்கள், எவ்வளவு தடிப்பு! ராபின் அலகு மெலிசு. பெண் ராபினுக்குத் தொண்டையிலும் நெஞ்சிலும் செதில் செதிலாகத் தெரியும். இதற்கு அது இல்லை. வாலடியில் துருப்பிடித்த நிறம், அது பேப்ளரின் அடையாளம். வால் ஆடியிருக்கவே முடியாது.

கேமரா தம்பி:
வாலடி நிறம் சாயங்கால வெயில். செதில் மங்கல் படத்தில் விழாது. வால் ஆடியது.

தாப்பா டீச்சர்:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். தம்பி, எந்த மாதம் எடுத்த படம்? ராபின் இங்கே குளிர்காலத்துக்கு வருகிற விருந்தாளி. செப்டம்பர் வாக்கில் வரும், ஏப்ரலில் கிளம்பிவிடும். கூடு கட்டுவதெல்லாம் சைபீரியா, கொரியா, ஜப்பான் பக்கம்.

கேமரா தம்பி:
மாதம் எதற்கு டீச்சர்? வால் ஆடியதா என்பதுதான் இங்கே கேள்வி.

நிரைக்காரன் மகன்:
தம்பி சொல்வதை நான் நம்புகிறேன். கிராணி ஐயா தோட்ட ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர். பிரட்டில் பேர் கொடுத்துவிட்டு இருட்டில் நிரைக்கு, அதாவது தனக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு, வேலைக்குப் போன என் அம்மாவுக்குத்தான் தரையில் ஓடும் குருவி தெரியும். சருகில் வாலாட்டும் குருவியைப் பற்றி அவர் நிறையச் சொல்லியிருக்கிறார்.

பழைய கிராணி:
உங்கள் அம்மாவை மதிக்கிறேன். நானும் லயத்தில் பிறந்தவன்தான், என் அப்பா வெளிக்காட்டு வேலை செய்தார். நாற்காலி கதையை இங்கே கொண்டுவராதீர்கள். கணக்கு முடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போனவன் நான். காட்டுத் தரையில் வாலாட்டும் குருவி இன்னொன்றும் உண்டு, பாரஸ்ட் வேக்டெயில். அது வாலை இடதும் வலதுமாக ஆட்டும், நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை. அம்மா பார்த்தது அதுவாக இருக்கலாம்.

நிரைக்காரன் மகன்:
என் அம்மா பார்த்ததையும் நீங்களே முடிவு செய்வீர்களா? போன வருடம் பெண் குயிலைப் பருந்து என்று சொன்னதும் நீங்கள்தான்.

பழைய கிராணி:
பனிமூட்டத்தில் ஒரு தடவை. மறுநாளே திருத்தினேன். திருத்தியதை மட்டும் யாருமே ஞாபகம் வைப்பதில்லை.

தாப்பா டீச்சர்:
தம்பி, மாதம்?

செம்பனை ராணி:
நான் வேறு ஒன்று கேட்கிறேன். போனில் குருவிச் சத்தம் போட்டு வரவழைத்தீர்களா? பேப்ளர் அவ்வளவு சுலபமாக வெளியில் வராது. அடிக்கடி சத்தம் போட்டால் எதிரி வந்துவிட்டது என்று கூட்டை விட்டுவிட்டு அலையும்.

கேமரா தம்பி:
ஒரே ஒரு தடவை போட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பழைய கிராணி:
எந்தக் குருவியின் சத்தம்?

கேமரா தம்பி:
அங்கே புதரில் ஏதோ மூன்று நான்கு சுரம் விசிலடித்தது. அதையே பதிவு செய்து திருப்பிப் போட்டேன்.

பழைய கிராணி:
பாருங்கள்! மூன்று நான்கு சுரம் விசில் பேப்ளரின் பாட்டு. ராபின் இங்கே வந்தால் அநேகமாகப் பாடாது, 'டக் டக்' என்று சின்னதாகச் சத்தம் போடும், அவ்வளவுதான். தன் பாட்டைக் கேட்டுத் தானே வெளியில் வந்திருக்கிறது.

கேமரா தம்பி:
பாடினது ஒன்று, வந்தது ஒன்று. வந்தது வாலை ஆட்டியது.

செம்பனை ராணி:
சரி, இனிமேலாவது சத்தம் போடாதீர்கள். களைக்கொல்லி அடித்து அந்தக் கரையில் புதரே பாதிதான் மிச்சம்.

தாப்பா டீச்சர்:
படத்தின் மூலையில் தேதி இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஜூலை 14.

கேமரா தம்பி:
கேமராவில் பேட்டரி மாற்றினால் தேதி தப்பாகிவிடும் டீச்சர். நான் கவனிக்கவில்லை.

பழைய கிராணி:
அப்படியானால் சரியான தேதி என்ன? ஜூலையில் ராபின் சைபீரியாவில் குஞ்சுக்குப் புழு ஊட்டிக்கொண்டிருக்கும் தம்பி. தேதியைச் சொல்லுங்கள். அலகுக்கும் பதில் வரவில்லை, செதிலுக்கும் வரவில்லை, இப்போது தேதிக்கும் இல்லை.

நிரைக்காரன் மகன்:
வழி தவறித் தங்கிவிட்ட குருவி இருக்கவே கூடாதா?

பழைய கிராணி:
இருக்கலாம். அதற்கும் அலகு மெலிசாகத்தான் இருக்கும். நாளைக் காலை ஏழு மணிக்கு அந்தக் கரையில் இருப்பேன். யார் வேண்டுமானாலும் வரலாம், போனில் சத்தம் மட்டும் கூடாது.

கேமரா தம்பி:
வருகிறேன் ஐயா. ஆனால் நான் பார்த்ததை நான் பார்த்தேன். வால் ஆடியது.