காணொளிப் பாடமும் மாணவரின் தன்னம்பிக்கையும்

கேள்வி: மேல்நிலை வகுப்பு மாணவர்கள் காணொளிப் பாடங்களை ஆர்வத்துடன் பார்த்து, எல்லாம் புரிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், கணக்கைத் தனியே செய்யச் சொன்னால் மட்டும் தயங்குகிறார்கள். இது ஏன்?

மறுமொழி 1: பார்த்துப் புரிந்துகொள்வதும் நினைவிலிருந்து எடுத்து எழுதுவதும் வெவ்வேறு திறன்கள். ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கே நம்பிக்கை அதிகமாக இருந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்து, படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள்.

மறுமொழி 2: செய்து முடித்த அனுபவமே தன்திறன் நம்பிக்கையின், அதாவது ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கையின், வலுவான ஊற்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். ஆகவே காணொளியை இடையில் நிறுத்தி, அடுத்த படியை மாணவரே எழுதிப் பார்க்கட்டும்.

மறுமொழி 3: வகுப்பில் கை உயர்த்தக் கூசுபவர்கள் இணைய வகுப்பில் தட்டச்சு செய்து கேட்பதுண்டு, அதையும் ஈடுபாடாகவே கருத வேண்டும்.