மறுமொழி: சுழல்சூளைக்குள் சீர்க்கலப்பும் ஒதுங்கலும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

கிளிநொச்சியிலிருந்து வணக்கம். சுழல்சூளை பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் கேட்டுக் கோவை நண்பர் தன் கையேட்டுக்காக இட்ட சொற்பட்டியலையும், அதன்கீழ் வந்து குவிந்த மடல்களையும் வாசித்தேன். எங்கள் வன்னிக்கும் சுழல்சூளைக்கும் (சுழன்றுகொண்டே சரக்கை வேகவைக்கும் நீண்ட குழாய்ச் சூளை) என்ன சம்பந்தம் என்று ஒருவர் பகிடியாகக் கேட்டிருந்தார். காங்கேசன்துறைச் சீமெந்துச் சூளைக்குப் போன களிமண் இங்கே வன்னியில், முருங்கனில் வெட்டியது. 1990இல் அந்த ஆலை நின்றுபோகும்வரை அந்தத் தொடர்பு இருந்தது. கொக்கிளாயிலிருந்து புல்மோட்டைவரை கரையில் கறுப்பாகக் கிடக்கும் இல்மனைற்று (இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த தாது) மணலின் இனத்தைத்தான் மேற்கு அவுஸ்திரேலியாவில் நிலக்கரியோடு சுழல்சூளையில் போட்டு, அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டை இரும்பாக்கிக் கழற்றி எடுக்கிறார்கள். போதாததற்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் எங்கள் அறிவியல் நகரில் இருக்கிறது. உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு அங்கே வரும் பிள்ளைகள்தான் இந்தச் சொற்களை நாளைக்குப் புழங்கப்போகிறவர்கள்.

உலையா சூளையா என்ற சண்டையை இரண்டு வரியில் முடிக்கலாம். கொல்லன் பட்டறையில் இருப்பது உலை, பாடப்புத்தகத்தில் இரும்பு எடுப்பது ஊதுலை, செங்கல் வாடியில் மூட்டுவது சூளை. ஃபர்னஸ் எல்லாம் உலை, கில்ன் எல்லாம் சூளை என்று வைத்துக்கொண்டால் ரோட்டரி கில்ன் சுழல்சூளை ஆகிவிடும். ‘உருள்சூளை’ ஓசைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் உருளல் என்ற சொல் உள்ளே கிடக்கும் சரக்கின் அசைவுக்கு வேண்டும், அதை வெளிக்கூட்டுக்குக் கொடுத்துவிட முடியாது.

சரக்கு ஒன்றாகக் கலப்பது மிக்சிங், வகைவகையாகத் தனித்துச் சேர்வது செக்ரிகேஷன். என் கவலை அவற்றைப் பற்றி ஒருவர் எழுதிய இந்த வரியில்:

> மிக்சிங் என்றால் கலத்தல், செக்ரிகேஷன் என்றால் பிரிகை. எளிமையாக முடிந்தது.

முடியவில்லை ஐயா. சுண்ணாம்புக்கல் சூடாகிக் கரியமில வாயுவை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாவதை எங்கள் பாடப்புத்தகம் ‘வெப்பப்பிரிகை’ என்று எழுதுகிறது. அது நடப்பதும் இதே சூளைக்குள்தான். ‘சூளையில் பிரிகை முழுமையாக நடக்கவேண்டும்’ என்று ஒரு பக்கமும், ‘பிரிகையைத் தடுக்கவேண்டும்’ என்று அடுத்த பக்கமும் எழுதினால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? தமிழ்நாட்டில் முன்னதைச் ‘சிதைவு’ என்பதால் உங்களுக்கு இந்த மோதல் தெரியவில்லை.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். 1885இல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ரான்சம் காப்புரிமை எடுத்த நாளிலிருந்து இதன் அமைப்பு பெரிதாக மாறவில்லை: சற்றே சரித்துப் படுக்கவைத்த நீண்ட இரும்புக் குழாய், உட்சுவரில் நெருப்புக்கல், மெதுவான சுழற்சி. குறுக்காக வெட்டிப் பார்த்தால் குழாயின் பத்திலொரு பங்கு, மிஞ்சினால் ஏழிலொரு பங்குதான் சரக்கு. அடியில் படுகையாகக் கிடக்கும் அந்தச் சரக்கின் பெரும்பகுதி சுவரோடு சேர்ந்து ஒரே கட்டியாக மேலே போகிறது. மேலே போனதும் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கு ஒன்று கீழ்நோக்கி ஓடிவருகிறது. கலப்பு என்று ஏதும் நடந்தால் இந்த மெல்லிய அடுக்கில்தான் நடக்கும். கட்டியாகப் போகிற பகுதியில் ஒரு மணி (சரக்கின் ஒரு துணிக்கை) பக்கத்து மணியை விட்டு விலகுவதே இல்லை.

இந்த இரண்டையும் சிலர் ‘செயற்படு படலம், செயலற்ற படலம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். செயலற்றது என்றால் சும்மா கிடக்கிறது என்று பொருள் வரும், ஆனால் அதுவும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ‘ஓட்ட அடுக்கு’, ‘உடன்சுழல் அடுக்கு’ என்பது என் பரிந்துரை. இலங்கைப் பாடப்புத்தக வழக்கில் ‘படை’ என்று போடலாம், ஓசோன் படை என்றே நாங்கள் படித்தோம். ஆனால் ‘ஓடுபடை’ என்று எழுதினால் உங்களுக்கு வேறு ஞாபகம் வரும், எங்களுக்கும் வரும். அடுக்கு என்றே இருக்கட்டும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். உள்விட்டம் 4 மீற்றர், நீளம் 60 மீற்றர், சரிவு 2 பாகை, நிமிடத்துக்கு 2 சுற்று என்று ஒரு சூளையை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்குக் குவிந்து நிற்கும் கோணம் 40 பாகை. அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1927இல் வெளியிட்ட சூத்திரம் இன்றைக்கும் முதற்கணக்குக்குப் போதும்: கோணத்தின் வர்க்கமூலத்தை நீளத்தால் பெருக்கி, 1.77ஆலும் பெருக்கி, சரிவு, விட்டம், சுழல்வேகம் மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் சரக்கு சூளைக்குள் இருக்கும் நேரம் நிமிடக் கணக்கில் வரும். இங்கே ஏறக்குறைய 42 நிமிடம், அதாவது 84 சுற்று. படுகை சிறியதாக இருப்பதால் ஒரு மணி ஒரு சுற்றுக்குள் மூன்று நான்கு தடவை மேற்பரப்பில் ஓடிவிடும். ஆக, நுழைந்து வெளியேறுவதற்குள் 300 தடவைக்குக் கிட்ட.

முந்நூறு தடவை புரண்டால் எதுவும் சீராகக் கலந்துவிடும் என்றுதான் மனது சொல்லும். எல்லா மணியும் ஒரே பருமன், ஒரே அடர்த்தி என்றால் அது சரி. பருமன் வேறுபட்டால், ஓடுகிற ஒவ்வொரு தடவையும் அந்த மெல்லிய அடுக்கு ஒரு அரிதட்டாக வேலை செய்கிறது. பெரிய மணிகளுக்கு இடையே திறக்கிற இடுக்கில் சிறியவை விழுந்து கீழே இறங்கும், பெரியவை மேலேயே ஓடி அடிவரை போய்ச் சுவரைத் தொடும். ஒரு சில சுற்றுக்குள்ளேயே சிறியவை எல்லாம் படுகையின் நடுவே ஒரு கருவாகச் சேர்ந்துவிடும். கலக்கும் அதே அசைவுதான் பிரித்தும் வைக்கிறது.

நம்பாதவர்கள் வீட்டில் செய்து பாருங்கள். வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலில் பயறும் குரக்கனும் (கேழ்வரகு) சம அளவு போடுங்கள், மூன்றிலொரு பங்குக்கு மேல் வேண்டாம். மூடிக் குலுக்கிவிட்டுப் பாயில் படுக்கவைத்து மெதுவாக ஒரே திசையில் உருட்டுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் வெறும் பச்சைப் பயறுதான் தெரியும். போத்தலின் அடிப்பக்கத்தால் பாருங்கள்: பச்சை வளையத்துக்குள் சிவப்பாகக் குரக்கன் ஒரு முந்திரிக்கொட்டை வடிவில் உட்கார்ந்திருக்கும். கண்ணாடியின் வழுவழுப்பில் முழுக் குவியலும் சேர்ந்து வழுக்கிக்கொண்டே இருந்தால் உள்ளே ஒரு சொரசொரப்பான தாளைச் சுருட்டி வையுங்கள்.

சூளையில் அந்தக் கரு ஒரு தொல்லை. மேலே சூடான வாயு, கீழே சூடான சுவர், நடுவில் இருக்கிறவைக்கு இரண்டும் எட்டாது. வெளியே எடுக்கும்போது பெரிய மணி கருகியும் பொடி வேகாமலும் இருக்கும். சிரட்டைக் கரியை 800 முதல் 1000 பாகையில் நீராவி விட்டுச் செயலூட்டும் (நுண்துளைகள் உண்டாக்கும்) சூளைகளிலும் இதே பாடுதான்.

இப்போது சொல். தஞ்சைப் பக்கத்து அம்மா ஒருவர் ‘கொழித்தல்’ என்று எழுதியிருந்தார். வாசித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுளகுக்காரர்களிடம் இதற்கு எத்தனை சொற்கள்: புடைப்பது மேலும் கீழும் தட்டி உமியைப் பறக்கவிட, கொழிப்பது பக்கவாட்டில் அசைத்து மணலையும் குறுணலையும் ஒதுக்க, தெள்ளுவது அதைவிட நுணுக்கமாக. ஓட்ட அடுக்கில் நடப்பதற்குக் கிட்ட நிற்பது கொழித்தல்தான். ஆனாலும் நான் இதை ஏற்கத் தயங்குகிறேன். ‘கொழிப்பு’ என்று ஒரு தட்டச்சுப் பிழையில் ‘கொழுப்பு’ ஆகும், ‘செல்வம் கொழிக்கும்’ என்பது இன்னொரு பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் சின்னக் காரணங்கள். (தெள்ளு என்றாலோ எங்கள் பக்கம் நாயில் இருக்கிற தெள்ளுத்தான்.) பெரிய காரணம், கொழிக்க ஒரு ஆள் வேண்டும். அரிசியைக் கொழித்தாள் என்போம், அரிசி கொழித்தது என்றால் வேறு பொருள். சூளையில் யாரும் கொழிக்கவில்லை, தானாக நடக்கிறது, அதுவும் நாம் விரும்பாமலே நடக்கிறது. தன்வினை வேண்டும்.

‘தரம்பிரிதல்’ தன்வினைதான், ஆனால் தரம் என்றால் நல்லது கெட்டது என்ற எண்ணம் வரும். ‘பருமன்வழிப் பிரிதல்’ நீளம், அதோடு அடர்த்தியாலும் இது நடக்கும். ஒரே பருமனில் பாரமானவையும் நடுவுக்குத்தான் போகும். (இதனாலேயே பெரியதைப் பாரமாகவும் சிறியதை இலேசாகவும் எடுத்து ஒன்றை மற்றது ஈடுசெய்யப் பார்க்கிறார்கள்.)

நான் முன்வைப்பது ஒதுங்கல். ‘குறுணல் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது’ என்று நெல்லு மில்லில் யாரும் யோசிக்காமல் சொல்கிற சொல். தன்வினை, குறுகியது, வெப்பப்பிரிகையோடு மோதாது, கிளை விடவும் இடம் கொடுக்கிறது. நடுவில் கருவாகச் சேர்வது ‘ஆரைவழி ஒதுங்கல்’, தமிழ்நாட்டில் ஆரவழி. நீளவாக்கில் பெரியவை ஒரு பட்டை, சிறியவை ஒரு பட்டை என்று மாறிமாறிச் சேர்வது ‘அச்சுவழி ஒதுங்கல்’. யப்பானில் ஓயாமா என்ற ஆய்வாளர் 1939இல் சுழலும் உருளையில் கண்டு எழுதியது அதைத்தான். முன்னது சில சுற்றில் வந்துவிடும், பின்னதற்குப் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான சுற்று வேண்டும். ‘ஒதுக்கம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது வரவுசெலவுத் திட்டத்தில் போய் உட்காரும்.

அடுத்தது கலப்பு. கலவை என்பது கலந்த பொருள், மேசனின் சாந்து. கலக்கம் மனதுக்கு. கலப்படம் பொலிசுக்கு. மிக்சிங்குக்குக் ‘கலப்பு’, சீரான மிக்சிங்குக்குச் ‘சீர்க்கலப்பு’ என்பதில் எனக்கு உடன்பாடு. ஒரு நிபந்தனை மட்டும்: திசையைச் சொல்லாமல் இந்தச் சொல்லைக் கையேட்டில் விடக்கூடாது. குறுக்குவெட்டில் எவ்வளவு கலந்தாலும் நல்லது. நீளவாக்கில் அப்படி இல்லை. முன்னால் போன மணி பின்னால் வருவதோடு கலந்தால் ஒன்று 30 நிமிடமும் இன்னொன்று 60 நிமிடமும் உள்ளே இருக்கும், வேக்காடு கெடும். ஆகவே குறுக்குக் கலப்பு, அச்சுவழிக் கலப்பு என்று இரண்டு பதிவுகள் வேண்டும். சீர்க்கலப்பு என்று நாம் சொல்வது முதலாவதின் முழுமை.

படுகையின் ஆறு அசைவுகளையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஹெனைன், பிரிமகோம், வாட்கின்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1983இல் குறுக்கசைவுகளை எப்போது எது வரும் என்று வரைபடமாக்கினார்கள், ஆங்கிலப் பெயர்கள் உங்கள் பட்டியலில் இருக்கின்றன. ஸ்லிப்பிங் வழுக்கல். ஸ்லம்பிங் சரிதல், விட்டுவிட்டு மொத்தமாகச் சரிவது. ரோலிங் உருளல். காஸ்கேடிங் புரண்டோடல், காட்டராக்டிங் தெறித்துவீழல். கடைசியாகச் சென்ட்ரிஃபியூஜிங்குக்கு ஒருவர் ‘சுவரொட்டல்’ என்று எழுதியிருந்தார். பொருள் கச்சிதம், ஆனால் தேர்தல் காலத்தில் யாரும் சிரிக்காமல் படிக்கமாட்டார்கள். மையநீக்கல் என்று போடலாம், உங்களுக்கு மையவிலக்கல்.

எந்த அசைவு என்பதைப் புரூட் எண் பெருமளவு சொல்லிவிடும்: கோணவேக வர்க்கத்தை ஆரையால் பெருக்கி ஈர்ப்பு ஆர்முடுகலால் வகுப்பது. நம் 4 மீற்றர்ச் சூளைக்கு 0.009 வருகிறது. உருளலுக்கு 0.0001 முதல் 0.01வரை என்பார்கள், ஆக விளிம்புக்குக் கிட்ட நிற்கிறோம். அது 1 ஆகிச் சரக்குச் சுவரோடு ஒட்டிச் சுற்றவேண்டுமானால் நிமிடத்துக்கு 21 சுற்று வேண்டும். எந்தச் சூளையும் அந்தப் பக்கம் போகாது.

கையேடு இரு கரையிலும் வாசிக்கப்படப்போகிறது என்றால் ஓர் எச்சரிக்கை. ஆர்முடுகல்-முடுக்கம், அமுக்கம்-அழுத்தம், துணிக்கை-துகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடலாம். ஆபத்தானது ‘நிறை’. உங்களுக்கு அது மாஸ், எங்களுக்கு வெயிற். எங்கள் மாஸ் திணிவு. ஊட்டுவீதம், நிரப்புவீதம் என்று வரும் எல்லா இடத்திலும் கிலோகிராமா நியூட்டனா என்று அலகைப் போட்டு எழுதுங்கள்.

லிஃப்டர் இன்னும் தீரவில்லை. உட்சுவரில் பொருத்திச் சரக்கை அள்ளி மேலிருந்து கொட்டும் தகடு, ஒதுங்கிய கருவை உடைக்க நல்ல வழி. உலர்த்திகளிலும் சூளையின் குளிர்ந்த முனையிலும் வைப்பார்கள், எரிவலயத்துச் சூட்டில் தாக்குப்பிடிக்காது. ‘தூக்கி’ என்று வந்த பரிந்துரை எனக்குப் பாரந்தூக்கியை நினைவூட்டுகிறது. ‘அள்ளுதகடு’ எப்படி? வேறு நல்லதாக யாரிடமாவது இருந்தால் பட்டியலை மூடுமுன் எழுதுங்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து