கையைக் கட்டு, வாயைப் பொத்து

குழு: நம்ம வீட்டுச் சொந்தங்கள்

செவ்வாய், இரவு

பாப்பா: வேலையில் சேர்ந்து இன்றோடு எட்டு நாள், தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறை, மொத்தம் 27 பிள்ளைகள். பேசாதே, ஓடாதே, தள்ளாதே, எழுந்திருக்காதே, காலையிலிருந்து மாலை வரை இதே பாட்டுதான். நான் ஒருவனிடம் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவன் ஓடுகிறான். சித்தி, நீங்கள் எப்படி 28 வருடம் ஓட்டினீர்கள்?

பெரியம்மா: சுக்கு, மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் குடி. இரண்டு நாளைக்குக் கத்தாதே.

பெரியப்பா: மேசை மேல் ஒரு பிரம்பு கிடந்தால் போதும். அடிக்கக்கூட வேண்டாம், பார்த்தாலே அடங்கிவிடுவார்கள். எங்கள் வாத்தியார் செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்கள் கப்சிப். கையைக் கட்டு, வாயைப் பொத்து என்றால் ஊசி விழுந்தால் கேட்கும். அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

தம்பி: பெரியப்பா, கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17. அடிக்கவும் கூடாது, பிள்ளையின் மனதை வதைக்கவும் கூடாது. போன வாரம்தான் எங்களுக்கு பி.எட். வகுப்பில் நடத்தினார்கள்.

பெரியப்பா: சட்டம் இருக்கட்டும்டா. 27 பேரை எப்படி உட்கார வைப்பது? அதைச் சொல்.

சித்தி: மாமா கேட்பது நியாயமான கேள்வி. பிரம்பைக் கீழே போடு என்று சொன்னவர்கள், அந்த இடத்தில் எதை வைப்பது என்று எங்களுக்கு அப்போது சொல்லித்தரவில்லை. விழுந்து எழுந்து நாங்களாகத்தான் கற்றுக்கொண்டோம். பாப்பா, அடுப்பில் தோசை கிடக்கிறது, சாப்பிட்டுவிட்டு வந்து விவரமாக எழுதுகிறேன்.

சித்தி: சரி, வந்துவிட்டேன். முதலில் நான் ஒன்று கேட்கிறேன். ஓடாதே என்கிறாயே, எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு தடவையாவது நடந்து காட்டினாயா?

பாப்பா: இல்லை சித்தி. அது தெரியாதா என்ன அவர்களுக்கு?

சித்தி: தெரியாது. அங்கன்வாடியிலிருந்தோ வீட்டிலிருந்தோ வந்த ஐந்து வயதுப் பிள்ளை. தெருவில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் கடைக்குப் போனாலும் முந்துகிறவருக்குத்தான் கிடைக்கிறது, அதைப் பார்த்துத்தான் அது வளர்ந்திருக்கிறது. வரிசை என்றால் என்ன, அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது என்றால் என்ன, இதெல்லாம் அதற்குப் புதிது. அ எழுதத் தெரியாத பிள்ளையிடம் தப்பாக எழுதாதே என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோமா? விரலைப் பிடித்துச் சுழி போட வைக்கிறோம், அடுத்த நாளும் போட வைக்கிறோம். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு படிப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பார்த்துச் சொல்லித்தருகிறோம். ஒழுங்கில் மட்டும் எல்லாப் பிள்ளையும் முதல் நாளே மலரில் வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

தம்பி: சித்தி இதை நான் எங்கள் வகுப்பில் சொல்லப்போகிறேன்.

சித்தி: சொல்லிக்கொள். பாப்பா, எங்கள் பள்ளியில் கை கழுவும் இடத்தில் மூன்று குழாய்தான். மதியம் சத்துணவு மணி அடித்ததும் தட்டோடு மொத்தப் பேரும் அங்கே போய் விழுவார்கள், தினமும் ஒரு முழங்காலாவது சிராய்க்கும். நானும் தள்ளாதே தள்ளாதே என்று ஒரு வருடம் முழுக்கக் கத்தினேன். அப்புறம் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, யாருக்கும் பசிக்காத நேரத்தில், எல்லோரையும் அங்கே கூட்டிப் போனேன். தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டேன், ஒரு வட்டத்துக்கு ஓர் ஆள். முதலில் நான் பிள்ளை மாதிரி தட்டை எடுத்துக்கொண்டு இடித்துத் தள்ளி ஓடிக் காட்டினேன். உருண்டு புரண்டு சிரித்தார்கள். டீச்சர் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டால் அத்தனையும் சரியாகச் சொன்னார்கள். அப்புறம் சரியாக நின்று காட்டினேன், குழாயைத் திறக்காமலேயே எல்லோரும் ஒரு சுற்று வந்தார்கள். இப்படி ஐந்து நாள். கைகலப்பு நடக்கும் நேரத்தில் பாடம் ஏறாது, அதற்கு முன்னாலேயே பழக்கிவிட வேண்டும், பசி நேரத்தில் பழகியதைச் செய்தால் போதும்.

பாப்பா: செருப்பு விடுகிற இடத்துக்கும் இப்படிச் செய்யலாம் இல்லையா? வாசலில் குவித்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும்போது ஜோடி தேடி அழுகிறார்கள்.

சித்தி: தாராளமாக. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதே. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பழக்கம்.

பெரியப்பா: வகுப்பில் பேச்சு? அதுதானே பெரிய தலைவலி.

சித்தி: கைத்தட்டல் வைத்துக்கொள் பாப்பா. நீ இரண்டு மெதுவாக, மூன்று வேகமாகத் தட்டு, அவர்கள் அதே மாதிரி திருப்பித் தட்ட வேண்டும், தட்டி முடித்ததும் கண் உன் மேல். இதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பாதிப் பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ பாடத்தை ஆரம்பித்தால், தட்டலுக்கு மதிப்பில்லை என்று அன்றைக்கே புரிந்துகொள்வார்கள். காத்திரு. முதல் வாரம் அந்தக் காத்திருப்பு வெகு நீளமாகத் தெரியும். குரலை ஏற்றாதே, இறக்கு.

தம்பி: சித்தி, எங்களுக்கு ஒரு விளையாட்டு சொன்னார்கள். அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்தில் நான்காம் வகுப்பில் செய்து பார்த்து 1969-இல் ஆய்வாக வெளியிட்டது, நல்ல நடத்தை விளையாட்டு என்று பெயர். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, யாராவது விதியை மீறினால் அந்த அணிக்கு ஒரு புள்ளி, குறைவான புள்ளி எடுத்த அணிக்குப் பரிசு. இப்போதும் பல நாடுகளில் நடத்துகிறார்களாம்.

சித்தி: பெயர் தெரியாமல் நானும் வரிசைக்கு வரிசை போட்டி வைத்திருக்கிறேன். நல்ல பலன் இருந்தது, சிக்கலும் வந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு பையன், அவனால் வரிசை தோற்றுப்போகிறது என்று மற்றவர்கள் அவனைப் பக்கத்திலேயே சேர்க்கவில்லை, இடைவேளையில் தனியாகத் தூணைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

தம்பி: அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள் சித்தி. புள்ளி இத்தனைக்குள் இருந்தால் இரண்டு அணியும் ஜெயிக்கலாம்.

சித்தி: அதுதான் சரி. யாரும் யாரையும் தோற்கடிக்காமல் வகுப்பே ஜெயிக்க வேண்டும். பரிசுக்கும் மிட்டாய் வேண்டாம் பாப்பா, வேப்பமரத்தடியில் ஒரு கதை, அதுவே அவர்களுக்குத் திருவிழா.

பெரியம்மா: எங்கள் காலத்தில் வகுப்பு லீடர், பேசியவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவாள். அது இன்னும் இருக்கிறதா?

சித்தி: இருக்கிறது அக்கா. நானும் பல வருடம் எழுத வைத்தேன். எதனால் நிறுத்தினேன் என்று சொல்கிறேன்.

சித்தி: ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன், தினமும் அவன் பெயர்தான் முதலில், சில நாள் பக்கத்திலேயே பெருக்கல் குறியும் இருக்கும். ஒரு நாள் மதியம் வகுப்பில் யாரும் இல்லை, அவன் மட்டும் போர்டுக்குக் கிட்டே நின்று தன் பெயரை விரலால் எழுத்து எழுத்தாகத் தொட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், டீச்சர் இது நான்தானே என்று கேட்டான். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். புத்தகத்தில் ஒரு சொல்லையும் அவன் அதுவரை படித்ததில்லை. அவன் வாழ்க்கையில் முதன்முதலாகப் படித்த சொல் அவன் பெயர், அதை அவன் படித்த இடம் நான் எழுத வைத்த அந்தப் பட்டியல். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் 'பேசியவர்கள்' என்ற தலைப்பை அழித்துவிட்டு 'இன்று உதவியவர்கள்' என்று எழுதினேன். அவனிடம் டஸ்டரைக் கொடுத்துப் போர்டை அழிக்கச் சொன்னேன், அதற்காக அவன் பெயரை நானே எழுதினேன்.

பாப்பா: சித்தி...

நான்: படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன் சித்தி.

சித்தி: அதிலும் ஒரு வருடம் கழித்துத்தான் ஒரு குறை என் கண்ணில் பட்டது. சேட்டை செய்யாத, உதவிக்கும் முந்தாத அமைதியான பிள்ளைகள், அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதே இல்லை. அதனால் என் நோட்டில் எல்லார் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டேன், ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு நல்லதையாவது பார்த்துச் சொல்லிவிட வேண்டும். வெறும் வெரி குட் இல்லை. ரப்பரைக் கேட்டு வாங்கினாய், திருப்பியும் கொடுத்தாய், பார்த்தேன் என்று அந்தச் செயலையே சொல்ல வேண்டும். அப்போதுதான் எதைத் திரும்பச் செய்வது என்று அதற்குத் தெரியும்.

நான்: சித்தி, எனக்கும் ஒரு சந்தேகம். என் பையன் டைரியில் இந்த வாரம் மூன்று தடவை சிவப்பு மையில் 'வகுப்பில் பேசுகிறான்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நேற்று இவர் ஒரு அடி வைத்துவிட்டார். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

சித்தி: காலையில் பேசியதற்கு இரவில் அடித்தால் ஐந்தரை வயதுப் பிள்ளைக்கு எதற்கு அடி என்றே புரியாது. மிஸ்ஸிடம் நேரில் போய்க் கேள், சண்டைக்குப் போகாதே. எந்தப் பாடவேளையில் பேசுகிறான், எழுதி முடித்துவிட்டுச் சும்மா இருக்கும்போதா, எழுதத் தெரியாமல் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கும்போதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. போர்டு சரியாகத் தெரிகிறதா என்றும் பார். அப்புறம், சாப்பிடாவிட்டால் மிஸ்ஸிடம் சொல்லிவிடுவேன் என்று வீட்டில் மிரட்டுகிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். எங்களைப் பூச்சாண்டி ஆக்கி அனுப்பினால், பிள்ளை எங்களிடம் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்கக்கூடப் பயப்படும். அதை அடக்கிக்கொண்டு நெளிகிற பிள்ளையைத்தான் நேராக உட்கார் என்று அதட்டுவோம்.

பெரியம்மா: பசியும்தான். பசித்த பிள்ளை எப்படி உட்காரும்?

சித்தி: சரியாகச் சொன்னீர்கள் அக்கா. எங்கள் பள்ளிக்கு 2023 ஆகஸ்டில் காலை உணவு வந்தது. அதற்கு முன்னால் பதினொரு மணிக்கெல்லாம் நாலைந்து பேர் பெஞ்சில் சாய்ந்துவிடுவார்கள், இரண்டு பேர் காரணமே இல்லாமல் சண்டை போடுவார்கள். உப்புமாவும் பொங்கலும் வந்த பிறகு எனக்கு அந்தப் பதினொரு மணி வேறு மாதிரி ஆகிவிட்டது.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: எல்லாம் சரிம்மா. அடுத்தவனை அடிக்கிற பையன் இருப்பானே, அவனுக்கும் கைத்தட்டலா?

சித்தி: இல்லை மாமா. கையைப் பிடித்து நிறுத்த வேண்டும், உடனே. அடிக்க விடமாட்டேன் என்று மெதுவான குரலில் சொல்ல வேண்டும், இருபது பேர் பார்க்க அவமானப்படுத்தக் கூடாது. கோபம் இறங்கிய பிறகு, அடிபட்ட பிள்ளைக்கு அவனே தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கட்டும். மனதில் இல்லாத சாரியைச் சொல்ல வைப்பதைவிட இது மேல். அப்புறம், கோபம் வந்தால் கையை என்ன செய்வது என்று பழக்க வேண்டும், என்னிடம் வந்து நின்றால் போதும் என்று ஒருவனுக்குச் சொல்லிவைத்தேன். ஜூனில் ஆரம்பித்தது, அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதுதான் அவன் முதல் தடவையாக அடிக்காமல் என்னிடம் ஓடி வந்தான். கை முறுக்கியபடியே இருந்தது, உடம்பெல்லாம் நடுக்கம். ஆனால் வந்தான்.

புதன், மாலை

பாப்பா: இன்றைக்குக் குழாயடியில் வட்டம் போட்டேன். முதல் ஆறு பேர் அழகாக நின்றார்கள், ஏழாவது ஆள் வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் குதித்தான், அதைப் பார்த்து வரிசையே குதிக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் யாரும் யாரையும் தள்ளவில்லை சித்தி. கைத்தட்டலுக்கு மூன்றாவது தடவை எல்லோரும் அடங்கினார்கள், எனக்கே நம்ப முடியவில்லை. மதியம் பார்த்தால் தண்ணீர் பட்டு வட்டம் முழுக்க அழிந்துவிட்டது.

சித்தி: குதித்தாலும் வட்டத்துக்குள்தானே குதித்தான், அதை அவனிடம் சொன்னாயா?

பாப்பா: சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன்.

பெரியப்பா: பாப்பா, கேட் அடித்தது போக அரை டப்பா மஞ்சள் பெயிண்ட் வீட்டில் கிடக்கிறது. உங்கள் ஹெச்.எம்.மிடம் கேட்டு வை, சனிக்கிழமை வந்து அழியாத மாதிரி போட்டுத் தருகிறேன். வட்டத்துக்கு வட்டம் எத்தனை அடி விட வேண்டும்?

சித்தி: இரண்டு அடி விடுங்கள் மாமா. பிள்ளை கையை நீட்டினாலும் முன்னால் நிற்கிறவன் முதுகில் படக் கூடாது.

பெரியப்பா: சரி. 27 வட்டம்.

பாப்பா: 28 போடுங்கள் பெரியப்பா. வரிசையில் நானும் நிற்பேன்.