ஆர்ப் 220 ஹைட்ராக்சில் மெகாமேசர்: 1637.7-ஆ, 1637.1-ஆ?

வைகறை:
ஆர்ப் 220 என்ற, இரண்டு கருக்கள் கொண்ட விண்மீன் மண்டலத்தின் மெகாமேசரை (ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் பெருக்கி அனுப்பும் வலுவான ரேடியோ உமிழ்வு) வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கியின் ஏ அமைப்பில் (ஆன்டெனாக்கள் மிக விரிந்த நிலை), எல் பட்டையில் (1-2 கி.ஹெ.) பார்க்கத் திட்டம். விலகும் வேகம் நொடிக்கு 5434 கி.மீ. என்று வைத்தால் 1667.359 மெ.ஹெ. கோடு ஒரு கணக்கில் 1637.7-இல் வருகிறது, இன்னொன்றில் 1637.1-இல். எது சரி? 32 மெ.ஹெ. துணைப்பட்டை ஒன்று போதுமா? பக்கத்தில் வரும் சின்ன மேடு ஹைட்ராக்சிலின் இன்னொரு கோடான 1665-ஆ, இன்னொரு கருவின் 1667-ஆ என்று எப்படிப் பிரிப்பது?

அலைமானி:
1637.7 தான். 5434 ஒளியியல் முறை வேகம் (அலைநீள மாற்றத்தை வைத்துக் கணக்கிட்டது), 1.0181-ஆல் வகுக்க வேண்டும். அதே எண்ணை ரேடியோ முறைச் சூத்திரத்தில் (அதிர்வெண் மாற்றத்தை வைத்தது) போட்டால்தான் 1637.1 வரும். இங்கே 1 மெ.ஹெ. என்பது 183 கி.மீ./நொடி, பிசகு சுமார் 98 கி.மீ. படம் உருவாக்கும் டிக்ளீன் நிரலிலும் இதே பொறி உண்டு: சொல்லாமல் விட்டால் ரேடியோ முறையையும் எல்.எஸ்.ஆர்.கே.-யையும் (அருகிலுள்ள விண்மீன்களைச் சார்ந்த வேகச் சட்டகம்) எடுத்துக்கொள்ளும். ஒளியியல், பாரி (சூரியக் குடும்ப நிறைமையத்தைச் சார்ந்த சட்டகம்) என்று நீங்களே கொடுங்கள்.

32 வேண்டாம். அது 1622-லேயே தொடங்கிவிடும். இரிடியம் செயற்கைக்கோள்களின் இரைச்சல் 1626.5 வரை இருக்கிறது. 1638-ஐ மையமாக வைத்து 16 மெ.ஹெ. எடுத்தால் 1630-க்குக் கீழே போகாது. 256 சானல் என்றால் ஒன்றுக்கு 11.4 கி.மீ. காலிபரேஷனுக்கு முன்பே ஹானிங் (பக்கத்துச் சானல்களைச் சேர்த்துச் சீராக்குவது) போடுங்கள், பிரிதிறன் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

குவியத்தட்டு:
பேண்ட்பாஸைக் (சானலுக்குச் சானல் மாறும் கருவியின் உணர்திறன்) குறைத்து மதிப்பிடாதீர்கள். தொடர் உமிழ்வே (கோடு இல்லாமல் எல்லா அதிர்வெண்ணிலும் வருவது) சுமார் 0.3 ஜான்ஸ்கி (ரேடியோ வலிமையின் அலகு); பேண்ட்பாஸில் 1% நெளிவு இருந்தால் 3 மில்லி ஜான்ஸ்கிக்குப் பொய்மேடு எழும். அளவீட்டுக்கான மூலமான 3சி 286-க்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

1667-க்கும் 1665-க்கும் இடைவெளி 1.92 மெ.ஹெ., அதாவது 352 கி.மீ. இரண்டு கருக்களுக்கும் இடையே சுமார் 1 வில்நொடிதான். ஏ அமைப்பின் கற்றை (பிரித்துக் காட்டும் அளவு) 1.3 வில்நொடி. படத்தில் பிரியாது. ஆனால் சானல் சானலாக மையப்புள்ளியைப் பொருத்தலாம்: சைகை இரைச்சலைப் போல் 50 மடங்கு இருந்தால் பிழை 13 மில்லி வில்நொடி. மேட்டின் மையப்புள்ளி, 352 கி.மீ. தள்ளியுள்ள 1667 சானல்களின் இடத்திலேயே விழுந்தால் அது 1665. 1667-க்கும் 1665-க்குமான வலிமை விகிதத்தை மட்டும் 1.8 என்று பூட்டிவிடாதீர்கள். அது வெப்பச் சமநிலைக்கான எண், வி.எல்.பி.ஐ.-யில் (வெகுதொலைவிலுள்ள தொலைநோக்கிகளை இணைத்துப் பார்ப்பது) தெரியும் செறிவான 1667 புள்ளிகளில் 1665 தட்டுப்படவே இல்லை.

வைகறை:
நன்றி. தொடர் உமிழ்வைக் கழிக்கும்போது எந்தச் சானல்களை ஒதுக்குவது?

குவியத்தட்டு:
1634 முதல் 1641 வரை. கோட்டின் நீலப்பக்கச் சிறகு (அதிர்வெண் கூடிய பக்கம்) நீளமானது, அங்கே தாராளமாக விடுங்கள். மீதியில் இரு ஓரங்களையும் வெட்டிவிட்டு நேர்கோடு பொருத்துங்கள். பல்லுறுப்புக் கோவையின் படியை 2, 3 என்று ஏற்றினால் சிறகையே தின்றுவிடும்.