வண்டி சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது, அவசரம்

பால்கோவா88 | ஞாயிறு இரவு 10.40
வணக்கம். வண்டி ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல்) நிற்க மாட்டேன் என்கிறது. டுப் டுப் என்று மேலும் கீழுமாக ஓடி அப்படியே அணைந்துவிடுகிறது. ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. பிளக் மாற்றியாயிற்று. நாளைக் காலை ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

மழைக்கோட்டு | 10.52
எந்த வண்டி நண்பா? எந்த வருஷம்?

டூஸ்ட்ரோக்தாசன் | 10.55
கார்பரேட்டரைக் கழற்றி க்ளீன் பண்ணுங்கள் ப்ரோ. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஸ்பேனர்சாமி | 11.08
வண்டி பெயர் இல்லை, வருஷம் இல்லை, சூடான பிறகு அணைகிறதா, எடுத்த உடனேயா, அதுவும் இல்லை. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி மாத்திரை கேட்பது மாதிரி. இதே கேள்விக்கு நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன், தேடிப் பார்த்திருக்கலாம்.
டேப்பெட்டை, அதாவது வால்வை அழுத்தும் இடத்து இடைவெளியைப் பாருங்கள். சத்தம் வரவில்லையே என்று சொல்லாதீர்கள், டைட்டான டேப்பெட் சத்தமே போடாது. எஞ்சின் சூடானதும் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும், ஐடில் கெடும். அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை | 11.15
டேப்பெட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. இ20 பெட்ரோல், 20 சதம் எத்தனால் கலந்தது. என் வண்டியும் அதிலிருந்துதான் இப்படி.

பால்கோவா88 | 11.31
மன்னிக்கவும், ஸ்ப்ளெண்டர் பிளஸ் 2009. அப்பா வண்டி. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாது, மீட்டர் கேபிள் அறுந்து இரண்டு வருஷம் ஆகிறது.

பழைய ஃபிட்டர் | 11.44
தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். எந்த நாளிலிருந்து இப்படி? அதற்கு முன் வண்டியில் யார் கை வைத்தார்கள்? சோக் போட்டால் என்ன ஆகிறது?

பால்கோவா88 | 11.50
போன வாரம் சர்வீஸ் விட்டு எடுத்ததிலிருந்து. கார்பரேட்டர் க்ளீன் பண்ணித் தந்தார்கள். சோக் பாதி போட்டால் அழகாக நிற்கிறது. ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி வைத்துப் பார்த்தேன். அப்படி வைத்தால் சில சமயம் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் உறுமிவிட்டுத்தான் இறங்குகிறது.

மழைக்கோட்டு | 11.53
அடப்பாவி, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா!

டூஸ்ட்ரோக்தாசன் | 11.54
க்ளீன் பண்ணியாகிவிட்டதா? அப்படியானால் சரியாகப் பண்ணவில்லை. மறுபடி க்ளீன் பண்ணுங்கள்.

பழைய ஃபிட்டர் | திங்கள் காலை 5.50
சோக் போட்டால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். அதில் நிற்கிறது என்றால் எஞ்சின் கூடுதல் பெட்ரோல் கேட்கிறது. ஒன்று ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் அடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கார்பரேட்டரைத் தாண்டி எங்கிருந்தோ திருட்டுக் காற்று உள்ளே போக வேண்டும். டேப்பெட் மட்டும் என்றால் சோக்குக்கு இப்படிப் படியாது. ஆக்சிலேட்டரை விட்டும் சத்தம் இறங்கத் தாமதிப்பதும், கார்பரேட்டரைக் கழற்றி மாட்டிய நாளிலிருந்து ஆரம்பித்ததும் காற்றைத்தான் காட்டுகின்றன.
கார்பரேட்டர் எஞ்சின் பக்கம் இரண்டு போல்ட்டில் உட்காரும். அந்த முகத்தில் ஒரு பள்ளம், அதில் கறுப்பு ரப்பர் வளையம், ஓ ரிங். பத்துப் பதினைந்து வருஷச் சூட்டில் அது வட்டம் போய்ச் சப்பையாகிவிடும். கழற்றாதவரை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். கழற்றி அதையே திரும்பப் போட்டால் பிடிக்காது.
பார்ப்பது சுலபம். ஷாம்பூ கலந்த தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து, வண்டி ஐடிலில் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றி அடியுங்கள். சட்டென்று சத்தம் மாறினால் அங்கேதான்.

டூஸ்ட்ரோக்தாசன் | 7.20
தண்ணீர் எதற்கு? சிரிஞ்சில் பெட்ரோல் எடுத்து இரண்டு சொட்டு விட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்.

பழைய ஃபிட்டர் | 7.26
சூடான எஞ்சின், ஒரு சாண் தூரத்தில் பிளக், அதன் மேல் பெட்ரோல். உங்கள் வண்டியில் செய்துகொள்ளுங்கள், அந்தத் தம்பிக்குச் சொல்லாதீர்கள்.

கணக்குப்பிள்ளை | 8.05
யாரும் இ20 பற்றிப் பேச மாட்டேன் என்கிறீர்களே. எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கிறது. வெறும் பெட்ரோல் எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். அதே ஜெட்டில் இ20 ஊற்றினால் கலவை லீன்தான், காற்று கூடிப்போகும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் பார்த்துச் சரிசெய்யும், கார்பரேட்டருக்கு ஏது மூளை?

மழைக்கோட்டு | 8.19
கணக்கு சரி. ஆனால் 20 சதம் கலந்தால் 14.7 என்பது 13.5 பக்கம் வரும். ஏர் ஸ்க்ரூவைத் தொட்டாலே சரியாகிற வித்தியாசம். சர்வீஸுக்கு முதல் நாள்வரை அதே பங்க்கில் அதே பெட்ரோல் ஊற்றி நன்றாக ஓடிய வண்டி இது. எத்தனாலுக்கு நாள் பார்க்கத் தெரியுமா?

கணக்குப்பிள்ளை | 8.31
மைலேஜ் போனது பொய்யா? லிட்டருக்கு 60 கொடுத்த வண்டி 50 கொடுக்கிறது.

மழைக்கோட்டு | 8.40
எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதில் 20 சதம் என்றால் ஏழு சதத்தை ஒட்டித்தான் குறைய வேண்டும். 60 என்பது 56 ஆகலாம். மீதி ஆறு உங்கள் செயினிலும் டயர் காற்றிலும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | 8.44
என் செயினைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

ஸ்பேனர்சாமி | 9.30
இ20 ஆட்கள் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தண்ணீர் விஷயம் உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் பிரிந்து அடியில் தங்கும். கார்பரேட்டர் அடியில் பெட்ரோல் தங்கும் பௌலின் ட்ரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்க்கையும் காலி பண்ண வேண்டும். டேப்பெட் பார்க்கச் சொன்னேனே, பார்த்தீர்களா?

கணக்குப்பிள்ளை | 11.02
செயின் போன மாதம்தான் மாற்றினேன். தகவலுக்காக.

பால்கோவா88 | செவ்வாய் இரவு 9.15
ஓ ரிங்தான். ஷாம்பூத் தண்ணீர் அடித்ததும் சத்தம் மாறியது. கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் பள்ளத்தை விட்டு வெளியே வந்து நசுங்கியிருந்தது, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. 20 ரூபாய். இப்போது சோக் இல்லாமல் நிற்கிறது. நன்றி அண்ணா. ஆனால் ஐடில் சத்தம் முன்னைவிட அதிகமாக இருக்கிறது, பரவாயில்லையா?

டூஸ்ட்ரோக்தாசன் | 9.18
நான் சொன்ன கார்பரேட்டர்தானே!

ஸ்பேனர்சாமி | 9.40
டேப்பெட்டையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

பழைய ஃபிட்டர் | புதன் காலை 5.45
ஏற்றி வைத்த ஐடில் ஸ்க்ரூவை இறக்கினீர்களா? இந்த வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதுதான். பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அணையப் போகிற இடம்வரை மெதுவாக இறக்கி, அங்கிருந்து கால் திருகு ஏற்றுங்கள். அந்த இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கினீர்களா? ஒரே பக்கம் இறுக்கினால் கார்பரேட்டர் முகம் வளைந்துவிடும், புது ஓ ரிங்கும் பிடிக்காது.